சின்னது வேறு, பைய வேறு

பழைய பல் பிரஷ் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, ஸ்வீட்லின் தன் மேசைப்பந்து மட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மட்டையின் சிவப்பு ரப்பரில் வரிசை வரிசையாகக் குட்டை முள்ளுகள், ஒவ்வொன்றும் கடுகளவு. அவற்றுக்கு நடுவே தூசி ஏறிவிட்டால் பந்து வழுக்கும். துணியால் துடைத்தால் தூசி போகாது, பிரஷ்தான் வேண்டும். பக்கத்தில் கிண்ணத்தில் கேப்பைக் கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

"பைய," என்றார் அவள் கணவர் ஹெப்ரான், சக்கர நாற்காலியில் இருந்து.

"கூழு இன்னும் சுடுது அத்தான். ஆறட்டும்."

"பைய."

ஸ்வீட்லின் எழுந்து மின்விசிறியைக் குறைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியானால் காற்றுதான் காரணம்.

ஹெப்ரான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வகுப்பு எடுத்தால் தெருமுனை வரை கேட்கும். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் கொண்டுபோனது. போகும்போது ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போனது. அந்தச் சொல் 'பைய'. இந்த நோயில் இப்படி நடப்பதுண்டு. சிலருக்கு ஒரு கெட்ட வார்த்தை மிஞ்சும், சிலருக்குப் பெண்டாட்டி பெயர் மிஞ்சும். வாழ்நாளெல்லாம் அவசரப்பட்ட மனிதருக்கு 'மெதுவாக' என்ற சொல் மிஞ்சியது. அதை வைத்தே அவர் எல்லாம் கேட்டார். அழுத்திச் சொன்னால் வலி. இழுத்துச் சொன்னால் தண்ணீர். ஒரே மூச்சில் இரண்டு முறை சொன்னால் மூத்திரச் சட்டியை எடுத்து வரவேண்டும். ஸ்வீட்லின் இவற்றையெல்லாம் படித்துக்கொண்டாள். அவளுக்கு வேறு வழியில்லை.

அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதைத்தான் முதல் வருஷம் முழுவதும் தப்பாகச் செய்தாள். கையைப் பிடித்து இழுத்தாள். பாசத்தோடு இழுத்தாலும் இழுப்பு இழுப்புதான். அவருடைய உணர்வில்லாத தோள் தளர்ந்தது, இவளுடைய நல்ல தோள் கெட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள்: முட்டியை மடக்கு, இடுப்பில் ஒரு கை, தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு கை, உன் உடம்பின் எடையைச் சாய்த்து ஒரே உருட்டு. முட்டிகளுக்கு நடுவில் தலையணை. அதற்குப் பின் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை. இவள் தோள் மட்டும் பழையபடி ஆகவில்லை. வலது கையைத் தூக்கித் தலை வார முடியாமல் போனது.

அந்தக் கைதான் ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய கை. ஆழ்வார்குறிச்சியில் பிறந்து, பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படித்தபோது மேசைப்பந்து பழகினாள். வழவழப்பான ரப்பர் போட்ட மட்டையை முழங்கால் அருகிலிருந்து தோளுக்கு மேல் வரை வீசி, பந்தைச் சுரண்டிச் சுழலவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. பள்ளி அலுவலகத்தில் வேலை முடிந்ததும் திருச்சபையின் சமூகக்கூடத்து மாடியில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். தோள் கெட்ட பிறகு வீச முடியவில்லை. அத்தோடு விட்டிருப்பாள். விடாமல் செய்தவர் தாவூது.

தாவூது மேலப்பாளையத்துக்காரர். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார், ஸ்வீட்லினைவிட வயதில் இளையவர், அதே மாடியில் ஆடுகிறவர். ஒருநாள் அவள் மட்டையை வாங்கி, கேட்காமலே முன்பக்க ரப்பரை உரித்து எறிந்தார். குட்டை முள்ளு ரப்பரை ஒட்டிக் கொடுத்தார்.

"இது கைய வீச முடியாத ஆளுக்கு உள்ளதுக்கா," என்றார். "மேசைய விட்டுப் பின்னால போகாதிய. பந்து துள்ளி ஏறும்போதே தட்டிரணும், எறங்க விடப்படாது. எதிராளி எம்புட்டு ஸ்பின் விட்டாலும் முள்ளு அத அவ்வளவாப் புடிக்காது. அதனால பயப்படாம நேரா அடிக்கலாம். நீங்களாச் சுரண்டி ஸ்பின் விடணும்னு நெனைச்சியன்னா நடக்காது. சின்னதா முன்னாலபாத்து ஒரு தட்டு. அம்புட்டுத்தான்."

அவள் சின்னதாகத் தட்டினாள். பந்து வலையில் விழுந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி வலை. ஒரு மாதம் இப்படியே போனது.

"என்னக்கா, பந்துக்குத் தாலாட்டுப் பாடுதிய?"

"நீருதான சின்னதாத் தட்டச் சொன்னீரு."

"சின்னதுன்னா பையவா? கொசுவ அடிக்கும்போது கைய ஓங்கவா செய்யுதிய? இத்தினிக்காணு தூரந்தான் கை போவுது. அதுக்காகப் பையவா அடிக்கிய? பைய அடிச்சா கொசு சாவுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாவூது சொன்னது சரி. வழவழ ரப்பர் பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், பைய அடித்தாலும் ஏந்திக்கொண்டு போய் அந்தப் பக்கம் விடும். முள்ளு அப்படி ஏந்தாது. கொடுத்த வேகத்தை மட்டும் கொடுக்கும். கொடுக்காததைத் தராது. சின்னது வேறு, பைய வேறு என்று அவள் புத்திக்கு உடனே புரிந்துவிட்டது. கைக்குப் புரிய வெகுநாள் ஆனது. பகலும் இரவும் 'பைய, பைய' என்று கேட்டுக் கேட்டு வளைந்துபோன கை. கரண்டியை வாய்க்குள் பைய விடவேண்டும், நகத்தைப் பைய வெட்டவேண்டும், கதவைப் பைய சாத்தவேண்டும். அந்தக் கையை மாடி ஏறியதும் வேறு மாதிரி ஆக்குவது லேசில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. மாவட்ட மூத்தோர் அணிக்குப் பெண்களில் கடைசி இடம் ஒன்று மிச்சமிருந்தது. அதற்கான ஆட்டம் இன்று பிற்பகல். ஜெயித்தால் அடுத்த வாரம் ஈரோட்டில் மாநிலப் போட்டி, மூன்று நாள்.

ஸ்வீட்லினுக்குக் கோப்பை மேல் ஆசை இல்லை. பேப்பரில் பெயர் வருவதிலும் ஆசை இல்லை. அவளுக்குத் தூக்கம் வேண்டும். ஹெப்ரானை இரவில் இரண்டு மணிக்கொருமுறை திருப்பவேண்டும். நடுவில் அவர் இருமுவார், தண்ணீர் கேட்பார், போர்வையை உதறுவார். ஓர் இரவை முழுதாகத் தூங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சான்றிதழில் மாணவன் பிறந்த வருஷம் என்ற இடத்தில் நடப்பு வருஷத்தை எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துக்கே அனுப்பிவிட்டாள். "ஸ்வீட்லின், இந்தப் பய பொறக்கும்போதே பத்தாவது பாஸாக்கும்?" என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

மகள் பெர்லின் ஓசூரில் வேலை பார்க்கிறாள், கைக்குழந்தைக்காரி. அவளைக் கூப்பிட முடியாது. கூப்பிடக்கூடிய ஆள் ஒருத்திதான்: ஹெப்ரானின் அக்கா இன்பமணி. சாத்தான்குளத்தில் தனியாக இருக்கிறாள். ஓய்வு பெற்ற டீச்சர். கை கால் திடமாக இருக்கிறது. ஸ்வீட்லின் ஒரு தடவை அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "அத்தான் ஒங்களத் தேடுத மாதிரி இருக்கு மயினி. ஒரு நாலு நாளு வந்து இருந்திட்டுப் போலாம்லா."

"தேடுதானா? அவன் 'பைய'ன்னு சொல்லுததுல என்னத் தேடுதான்னு ஒனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

அன்றைக்கு அத்தோடு முடிந்தது. ஈரோட்டு விஷயம் வந்தபோது மட்டும் இன்பமணி இறங்கி வந்தாள். "மாவட்டத்துக்கு ஆடப் போறன்னா வாறேன். அது கௌரவம், சபையிலயும் சொல்லிக்கிடலாம். சும்மா ஊரு சுத்தப் போறன்னா என்னக் கூப்பிடப்படாது."

ஜெயித்தால் மயினி வருவாள், மூன்று இரவு தூக்கம். தோற்றால் இல்லை.

மத்தியானம் உலகம்மாள் வந்தாள். பக்கத்துத் தெருக்காரி, தினமும் ஸ்வீட்லின் வேலைக்குப் போனது முதல் திரும்பும் வரை ஹெப்ரானிடம் இருப்பவள். ஸ்வீட்லின் அவளுக்கு எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: கூழ் கெட்டியாக இருக்கட்டும், மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொல்லு, இடது பக்கக் கன்னத்தில் ஊட்டு.

"தெரியும் தாயி. தெனமுமா சொல்லுவ? போ, போயி நாலு சாத்து சாத்திட்டு வா."

"பைய," என்றார் ஹெப்ரான்.

"கேட்டியா, ஒங்க வீட்டுக்காரரே பையப் போயிட்டு வாங்காரு," என்றாள் உலகம்மாள். அவர் உண்மையில் வழியனுப்பத்தான் சொன்னார் என்று ஸ்வீட்லினுக்குத் தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியாது.

எதிராளி சேரன்மகாதேவி மஹாலக்ஷ்மி. வங்கியில் அதிகாரி, ஐம்பதைத் தொட்டவள், இருந்தும் முழங்காலை மடக்கி நன்றாகச் சுழற்றி அடிப்பவள். ஆட்டத்துக்கு முன்னால் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்க்கலாம் என்பது விதி. மஹாலக்ஷ்மி வாங்கினாள், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள்.

"முள்ளா? சரி," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அங்கேதான் அவள் தப்பு செய்தாள். இந்தப் பக்கத்தில் 'முள்ளு' என்றால் பெரும்பாலும் நீள முள்ளுதான். தற்காத்து ஆடுகிறவர்கள் அதைத்தான் போடுவார்கள். நீள முள்ளில் பட்ட பந்து, நாம் விட்ட ஸ்பின்னையே தலைகீழாக்கி நமக்குக் கொண்டுவரும். மேல்நோக்கிச் சுழற்றி விட்டால் திரும்பி வரும்போது கீழ்நோக்கிச் சுழலும், அதனால் அடுத்த அடியைத் தூக்கி அடிக்கவேண்டும். குட்டை முள்ளில் அந்த மாயமெல்லாம் கிடையாது. பந்து ஸ்பின் குறைந்து, தட்டையாக, வேகமாக வரும். அதைத் தூக்கினால் பந்து பறந்துவிடும்.

மஹாலக்ஷ்மி தூக்கினாள். பந்து மேசையைத் தாண்டிச் சுவரில் முட்டியது. மறுபடி தூக்கினாள், மறுபடி சுவர். ஸ்வீட்லின் செய்ததெல்லாம் மேசையை ஒட்டி நின்று, பந்து ஏறும்போதே மட்டையைக் காட்டியதுதான். மஹாலக்ஷ்மி கீழ்ச்சுழல் வைத்துத் தள்ளிய பந்துகளை, மட்டையைக் கொஞ்சம் நிமிர்த்தி நேரே அடித்தாள். முதல் கேம் ஸ்வீட்லினுக்கு. இரண்டாவதும் அவளுக்கு. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தாவூது நிதானமாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அது நல்ல அறிகுறி.

ஐந்தில் மூன்று எடுக்கவேண்டும். இன்னும் ஒன்றுதான். ஸ்வீட்லின் மனத்தில் மயினி அந்நேரமே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாவது கேமுக்கு முன்னால் மஹாலக்ஷ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மட்டைய இன்னொரு தரம் காட்டறேளா?" என்றாள். நடுவர் தலையசைத்தார். இந்த முறை அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மட்டையைச் சரித்து, முள்ளின் உயரத்தைப் பார்த்தாள். "அட ராமா," என்றாள், யாரிடமும் அல்ல.

அதற்குப் பிறகு வேறு ஆட்டம். மஹாலக்ஷ்மி சுழற்றுவதையே நிறுத்திவிட்டாள். மெதுவாக, ஸ்பின் எதுவும் இல்லாமல், ஆழமாக, மேசையின் கடைசி விளிம்புப் பக்கமாகப் பந்தைப் போட்டாள். வெறும் பந்து. முள்ளுக்காரர்களுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. எதிராளியிடம் கடன் வாங்க வேகம் இல்லை, சொந்த வேகத்தைப் போட்டாகவேண்டும். தொய்ந்து வரும் அந்தப் பந்தைப் பார்த்ததும் ஸ்வீட்லினின் கை தானாகவே பையத் தட்டியது. வலை. அடுத்தது எழும்பி நின்றது, மஹாலக்ஷ்மி ஓங்கி ஓர் அறை அறைந்தாள். மூன்றாவது கேம் போனது. நான்காவதும் போனது.

இடைவேளையில் தாவூது பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"யக்கா, நீங்க யாருக்குக் கூழு ஊட்டுதிய?"

"கை வரமாட்டேங்கு பாய்."

"கைய உடுங்க. கால முன்னால வைங்க. பந்து எறங்குன பொறவு அடிக்கிய, அதான் கை பயப்படுது. ஏறும்போது புடிங்க. போனாப் போவுது, அடிச்சுத் தோத்துப் போங்க."

ஐந்தாவது கேமில் அவள் அடித்தாள். வெறும் பந்து வந்தது, கால் வைத்து, சின்னதாக, டப்பென்று. மேசையின் அந்தப் பக்க மூலையில் பட்டு ஓடியது. மஹாலக்ஷ்மி நகரவே இல்லை. இன்னொன்று. நாலைந்து பள்ளிக்கூடப் பெண்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். பின்தங்கி இருந்தவள் எட்டிப் பிடித்து, ஒன்பதுக்கு ஒன்பது என்று சமன் செய்தாள்.

அதற்குப் பிறகு கால் வரவில்லை. தூங்காத கால் அப்படித்தான். மூளை சொல்லும், கால் கேட்டுக்கொண்டு நிற்கும். ஒரு பந்து நடுவில், வயிற்றுக்கு நேரே வந்தது. ஒதுங்கி அடிக்க வேண்டியது. ஒதுங்குவதற்குள் பந்து இறங்கிவிட்டது. பத்துக்கு ஒன்பது, மஹாலக்ஷ்மிக்கு இன்னும் ஒரு பாயிண்ட் போதும். கடைசிப் பந்தும் அதே இடத்துக்கே வந்தது. அவள் பையத் தட்டவில்லை. அடிக்கத்தான் செய்தாள். பந்து வலையின் மேல்நாடாவில் பட்டு, ஒரு கணம் அங்கேயே நின்று, இவள் பக்கம் விழுந்தது.

கை கொடுத்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மஹாலக்ஷ்மி முழங்காலில் தைலம் தேய்த்தாள்.

"நீள முள்ளுன்னுதான் நெனைச்சுண்டேன். மொத ரெண்டு கேமும் என்னைப் பைத்தியமா அடிச்சுட்டேள். பாத்தா குட்டை! இந்த ஜில்லாவுல அதை யாரு போடறா?"

"நான் போடுதேன். தோளு சரியில்ல."

"ஈரோடு போகணும்னு ரொம்ப ஆசையா?"

ஸ்வீட்லின் உண்மையைச் சொன்னாள். களைத்த மனுஷிக்குப் பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். "ஈரோடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அங்கன போனா மூணு நாளு தூங்கலாம்னு பாத்தேன்."

மஹாலக்ஷ்மி தைலக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குலுங்கிச் சிரித்தாள். "தூங்கறதுக்கா? அங்கயா? நான் போன வருஷமும் போயிருந்தேன். ஒரு ஹால்ல பதினாறு பேர். விடியறதுக்கு முன்னாடியே விசில் ஊதி எழுப்பிடுவா. என் பக்கத்துல திருப்பூர்க்காரி ஒருத்தி படுத்துண்டா, அவ விட்ட குறட்டையில ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூணு நாளும் நான் உக்காந்துண்டே இருந்தேன். தூங்கணும்னா ஆத்துலயே கதவைச் சாத்திண்டு தூங்குங்கோ."

"ஆத்துல" என்றால் வீட்டில். ஸ்வீட்லின் அந்த வாக்கியத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உலகம்மாள் இவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஹெப்ரான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தோத்துட்டேன் அத்தான்."

அவர் இடது கையைத் தூக்கி நாற்காலிப் பிடியில் ஓங்கித் தட்டினார். கோபமா, ஆறுதலா தெரியவில்லை. அவள் அவரைக் கட்டிலுக்கு மாற்றினாள், துடைத்தாள், துணி மாற்றினாள். இரவு எப்போதும்போல் நடந்தது.

ஞாயிறு காலை, முதலாம் ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன்பே இன்பமணி போன் செய்தாள்.

"செயிச்சியாட்டி?"

செயித்தேன் என்று சொன்னால் மயினி வந்துவிடுவாள் என்று ஸ்வீட்லினுக்கு ஒரு நொடி தோன்றாமல் இல்லை.

"இல்ல மயினி. தோத்துட்டேன்."

"ஆங். அப்பம் நான் வரண்டாம்."

"வாங்க."

"என்னது?"

"இன்னைக்கே வாங்க. மூணு நாளு இருங்க. நான் தூங்கணும்."

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது.

"தூங்கவா? நீ தூங்குததுக்கு நான் சாத்தான்குளத்துல இருந்து பஸ் ஏறி வரணுமாக்கும்?"

"ஆமா."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போண்டாமா? ஆலயத்துல கேட்டா என்னன்னு சொல்ல? தம்பி பொண்டாட்டி தூங்குதா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னா சொல்ல?"

"அப்படியே சொல்லுங்க மயினி. நேத்து ஆட்டத்துல கடைசிப் பந்துக்குக் கால் வரல. நாளைக்கு அத்தானத் தூக்கும்போது வரலன்னா ரெண்டு பேரும் கீழ கெடப்போம். அப்பம் ஒங்களுக்கு மூணு நாளு பத்தாது."

"சோறு என்ன பொங்குவ?" என்றாள் இன்பமணி கடைசியில்.

"ஒண்ணும் பொங்க மாட்டேன். நீங்கதான் பொங்கணும்."

"பேசுத பேச்சப் பாரு," என்று சொல்லி அவள் போனை வைத்தாள். முதலாம் ஆராதனை முடிந்ததும் கிடைத்த பஸ்ஸில் வந்தாள். வெள்ளைச் சேலை கசங்காமல், வேதப்புத்தகமும் கருப்பட்டிப் பொட்டலமும் ஒரே பையில்.

ஸ்வீட்லின் அவளைக் காப்பி குடிக்கக்கூட விடவில்லை. கட்டில் அருகே கூட்டிப்போய் ஹெப்ரானை ஒருமுறை திருப்பிக் காட்டினாள். பிறகு மயினியைத் திருப்பச் சொன்னாள். இன்பமணி தம்பியின் கையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"கைய உடுங்க. முட்டிய மடக்குங்க. இடுப்புல ஒரு கை. ம், சாயுங்க."

அவர் உருண்டார். இன்பமணி கொஞ்சம் திகைத்துப்போய் நின்றாள், இவ்வளவு லேசா என்பதுபோல. ஸ்வீட்லின் மறுபடி செய்யச் சொன்னாள், செய்தாள். தலையணை எங்கே வைப்பது, கூழ் எவ்வளவு கெட்டி, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் சொன்னாள். மாலையில் உலகம்மாள் வருவாள் என்றாள்.

பிறகு பின்னறைக்குப் போய், சன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, செல்போனை அணைத்து மயினியிடம் கொடுத்தாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.